சோற்றுத் தட்டு கொண்டுபோன கை

ஒக்டோபர் 9, வியாழன்

சிரோக்கோ காற்று. யன்னல் எல்லாம் சாத்தியும் மேசையில் மணல். முழங்கால் நோ.

இன்று முன் அறையில் இருந்தவர்கள்: சிஞோரா லிவியா, சக்கர நாற்காலியில். மகள் மார்த்தா, மிலானோவில் இருந்து பலெர்மோவுக்கு வந்தவள், தாயைப் பார்க்கவோ வீட்டை அளக்கவோ தெரியாது. நூரா என்று ஒரு பெண். நான், பிலோமினா, கோப்பித் தட்டோடு நின்றபடி. சுவரில் சிஞோராவின் கணவர், சிஞோரே, படமாக. இந்த வசந்தத்தில் செத்தவர்.

நூரா தொரினோவில் நர்ஸ். பத்திரிகையில் சிஞோரேயின் மரண அறிவித்தலைப் பார்த்து வந்தாளாம். அந்தப் படத்தை அவளுடைய தாய் கண்டதும் அடையாளம் சொன்னாளாம். உங்கள் அப்பா எங்கள் நாட்டில் கிணறு தோண்டினாரா என்று மார்த்தாவைக் கேட்டாள். ஓம், ஏழைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவே உழைத்தவர் என்றாள் மார்த்தா. அங்கே அவர்களோடு வேலைக்கு இருந்தபோது அவர் தோண்டிய கிணறு ஒன்றை நானும் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை.

நூராவின் தாய் சலீமா. பெயரைக் கேட்டதும் முகம் வந்துவிட்டது. முன்பல் உடைந்தவள். அந்த நாட்டில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினிக்குத் தண்ணீர் சுமந்தவள். கல்லில் ரொட்டி சுட எனக்குக் காட்டித் தந்தவள். இப்போது ஈரலில் புற்று. எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு ஊரில் கிடக்கிறாள். தன் மலையில் சாக விரும்புகிறாள். விட மாட்டோம் என்கிறார்கள் குலத்துப் பெரியவர்கள். அன்றைக்கு, பிறகு கொலையான விருந்தாளிக்குச் சோற்றுத் தட்டு கொண்டுபோனவள் அவள்தான் என்கிறார்கள். அவள் இல்லை என்கிறாள்.

"தட்டுக் கொண்டுபோனவள் இறைச்சியைத் தின்னேல்லை எண்டு பாத்த ஆக்கள் இன்னும் உயிரோடை இருக்கினம்" என்றாள் நூரா. "கொலை நடக்கப்போகுது எண்டு தெரிஞ்சபடியாத்தான் தின்னேல்லையாம். அதுதான் எங்கடை அம்மாவின்ரை குற்றம்."

தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். சிஞோரா என்னைப் பார்க்கவில்லை. காது நல்லாகத்தான் கேட்கும் அவருக்கு.

ஒக்டோபர் 10, வெள்ளி

காற்று அடங்கவில்லை. கபோ சந்தையில் மத்தி மீன், பெருஞ்சீரகக் கீரை, எலுமிச்சை. மீன்காரன் இன்றும் தராசில் விரல் வைத்தான். அவனுக்கும் ஒருநாள் இருக்கிறது.

வெள்ளி என்றால் சிஞோராவுக்கு இறைச்சி இல்லை. எனக்கும் இல்லை. அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். எழுதாதே என்று சிஞோரே அன்று சொன்னது கையில் பழகிவிட்டது. பக்கத்து இரண்டு நாடுகளும் சண்டை. இவர்கள் யார் பக்கமும் இல்லை. ஆனால் அவர்களுடைய கணவாயால் லொறிகள் போய் ஒரு பக்கத்துக்குச் சாமான் சேர்ந்தது. அந்தப் பாதையை மூட வைப்பது சிஞோரேயின் வேலை. யாருக்காக என்று இன்றும் தெரியாது. இத்தாலிக்காக இல்லை என்று ஒருமுறை குடித்திருந்தபோது சொன்னார்.

மலையில் ஒரு குலம், பள்ளத்தில் ஒரு குலம். ஒரே ஊற்றில் குடித்த ஆட்கள். சிஞோரே மேலே போய், பள்ளத்தார் ஊற்றை மறிக்கப் போகிறார்கள் என்பார். கீழே வந்து, மலையார் உங்கள் கிடைகளில் கை வைக்கப் போகிறார்கள் என்பார். பம்புப் பெட்டிகளில் துவக்கு வந்தது, மேலே போனது. பெட்டியில் இருந்து கொட்டிய வைக்கோலைக் கூட்டினது நான்.

பிறகு பள்ளத்துத் தலைவரை விருந்துக்குக் கூப்பிட்டார். அங்கே வழக்கம் ஒன்று. வீட்டுக்காரி தன் கையால் சோற்றுத் தட்டைக் கொண்டுவர வேண்டும். அவளால் ஏலாவிட்டால் அவளுடைய சால்வையைப் போர்த்து இன்னொருத்தி வரலாம், சால்வை வந்தால் வீட்டுக்காரியின் வாக்கு வந்ததாகக் கணக்கு. விருந்தாளி அதில் ஒரு துண்டு இறைச்சி எடுத்துக் கொடுப்பார், தட்டுக் கொண்டுவந்தவள் அவர் முன்னால் தின்ன வேண்டும். தின்றால் அவர் வீடு போய்ச் சேரும்வரை யாரும் தொட மாட்டார்கள்.

சிஞோராவுக்குத் தலையிடி என்றார் சிஞோரே. சால்வையை அவரே என் தலையில் போட்டு முகத்தை மூடினார். கை மட்டும் வெளியே. என் கறுத்த கை. சலீமாவின் கையும் அதே நிறம்.

தபசுகால வெள்ளி, வேதக்காரர் இறைச்சி தொடாத நாள். தலைவர் நீட்டிய துண்டை வாங்கினேன். தின்னவில்லை. சால்வைக்குள் பொத்திக்கொண்டு வந்து நாய்க்குப் போட்டேன். வழக்கத்தை அன்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் ஏன் தின்னவில்லை என்று சிஞோராவுக்குத் தெரியும். அன்று இரவு அவருக்கும் முட்டைதான் பொரித்துக் கொடுத்தேன்.

விடிய முன்னம் எங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். சிஞோரா பிந்தி வந்து ஏறினார். விருந்து முடிந்து போன தலைவரை அன்று இரவே கணவாயில் சுட்டதும், இரண்டு குலமும் வருடக்கணக்காக வெட்டிக்கொண்டதும், பாதை மூடியதும் பலெர்மோவில்தான் கேள்விப்பட்டேன். சலீமாவின் கதை நேற்று.

ஒக்டோபர் 11, சனி

மகன் ஜூட் வந்தான், வேலை உடுப்போடு. மார்த்தா அவனோடு கதைத்திருக்கிறாள், நான் வாய் திறந்தால் வீடு இல்லை என்று. கபோவில் அவன் பிள்ளைகளோடு இருக்கும் வீடு சிஞோராவின் பெயரில். எழுத்து இல்லை, சிஞோரேயின் வாய்ச்சொல் மட்டும்.

"அம்மா, சும்மா இருங்கோ. உங்களுக்கென்ன தெரியும் எண்டு கேட்டா, தெரியாது எண்டு சொல்லுங்கோ."

எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரியும்தான். உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் ஏழாம் வகுப்பிலை களவா ஐஸ்பழம் குடிச்சதும் தெரியும். அதுக்காக இப்ப ஆரும் வீட்டை விட்டு எழுப்பேல்லைத்தானே."

சிரித்துவிட்டேன். பிறகு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தான். பாவம். அந்த நாட்டில் நான் இருந்தபோது இவன் மன்னாரில், என் அம்மாவிடம். தகப்பன் இல்லாத பிள்ளை.

தொட்டுக்கொள்ளச் சம்பல் வைத்தேன். தின்றுவிட்டுத்தான் போனான். மழை இல்லை. ஆனாலும் புழுக்கத்தில் உடுப்பு காயவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். மன்னார் ஆட்கள் இடப்பக்கம், தீவுப்பகுதி ஆட்கள் வலப்பக்கம், இங்கேயும் அப்படித்தான். யாரும் வந்து துவக்குக் கொடுக்காத வரைக்கும் பரவாயில்லை.

நூரா கோயில் வாசலில் நின்றாள். வரச் சொன்னது நான். பின்பக்கத்து வாங்கில் இருந்தோம். சொன்னேன். தட்டுக் கொண்டுபோனது நான், தின்னாதது நான், வெள்ளிக்கிழமை என்றபடியால். வேறு ஒன்றும் இல்லை.

அவள் டெலிபோனைப் பிடித்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னாள், பெரியவர்களுக்கு அனுப்ப. கழுத்தில் இருந்த செபமாலையை வெளியே எடுத்துவிட்டுச் சொன்னேன். தலைவர் இடக்கையால் இறைச்சியைக் கொடுத்ததையும் சொன்னேன். வலக்கை விரல்கள் துணியால் கட்டியிருந்தன. தட்டுக்குக் கிட்டப் போனவளுக்குத்தான் அது தெரியும்.

"சிஞோரா பிலோமினா" என்றாள். இந்த வீட்டுக்கு வந்தவர்களில் என்னைச் சிஞோரா என்று கூப்பிட்டது இவள்தான். "நீங்கள் ஒளிச்சிருந்தனீங்கள் எண்டு நினைச்சன்."

இல்லை, ஒருவரும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டவை. அண்டைக்கு விடிய முன்னம் பள்ளத்தார் வந்து யன்னலாலை கேட்டவை, சால்வைக்குள்ளை வந்தது ஆர் எண்டு. வீட்டுக்காரிதான் எங்கடை அம்மாவின்ரை பேரைச் சொன்னவ."

பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

காற்று நின்றுவிட்டது. குளிர். கம்பளி வெளியே எடுக்க வேண்டும். சிஞோராவின் மருந்துக் குளிசை முடிகிறது.

காலையிலேயே நூராவின் செய்தி. நான் சொன்னதைப் பெரியவர்கள் கேட்டார்களாம். பள்ளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற கிழவன் ஒருவன், விரல் கட்டியிருந்தது உண்மை என்றானாம். சலீமாவைக் கொண்டுவரலாம். நாளை மறுநாள் வாகனம். என் பெயரை அவளிடம் சொன்னபோது, ரொட்டியைக் கருக்கிற மன்னார்க்காரியா என்று கேட்டாளாம். கருக்கினது ஒரே ஒருமுறை.

பத்து மணிக்கு மார்த்தா. நான் நூராவிடம் சொன்னது தெரிந்துவிட்டது. ஜூட்டிடம் சாவி கேட்டாகிவிட்டது, மாதம் முடிய விட வேண்டும். பிரான்காச்சோவில் வீடு பார்க்கிறான். என்னோடு கோபிக்கவில்லை. கோபித்தால் நல்லாக இருந்திருக்கும்.

மார்த்தா வெளியே போன பிறகு சிஞோராவின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். இந்த வீட்டில் முதல்முறை அப்படி இருந்தேன். கேட்டேன்.

மறுக்கவில்லை. கம்பளத்தை முழங்காலுக்கு இழுத்துவிட்டுச் சொன்னார்: "ஆரையாவது குடுக்காட்டி அவங்கள் போயிருக்க மாட்டாங்கள், பிலோ. எனக்கு உன்னைக் குடுக்க மனம் வரேல்லை. உனக்கு ஒரு சின்னப் பிள்ளை இருந்தது."

சலீமாவுக்கு இல்லையா, என்றேன்.

"அவளைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

அவ்வளவுதான். தலையிடி அன்று உண்மையா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. நான் உயிரோடு இருப்பது அவர் தந்ததாம். ஜூட்டை இங்கே எடுத்தது, பேரப்பிள்ளைகள், எல்லாம் அந்த யன்னலில் சொன்ன ஒரு பெயரில் நிற்கிறது. என்னைக் கேட்டுச் சொல்லவில்லை.

பிறகு கேட்டார்: "இரவைக்கு சூப் ஆர் வைக்கிறது?"

வைத்தேன். சின்ன மக்கரோனி, கரட், செலரி. ஊட்டினேன். வாய் துடைத்தேன். அவருக்கு வேறு ஆள் இல்லை, எனக்கும் மாதம் முடியும்வரை வேறு இடம் இல்லை.

சிஞோரேயை மன்னித்துவிட்டேன். துவக்குக் கொண்டுவந்தவன் துவக்குக் கொண்டுவந்தவன்தான், வேறு மாதிரி ஒருநாளும் நடிக்கவில்லை என்னிடம். சுட்டவர்களை மன்னித்துவிட்டேன். மார்த்தாவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். மீன்காரனைக்கூட விட்டுவிடலாம்.

லிவியாவை இல்லை.