இழுத்துப் பார்த்த கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. கதவைப் பூட்டிய பிறகும் அப்பா பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாரே, அதனால் பஸ்ஸைத் தவறவிட்டு எத்தனை முறை திட்டியிருக்கிறோம்! அவர் போனதிலிருந்து அந்தப் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. நேற்று வேலை முடிந்து எல்லாரும் வேனில் ஏறிய பிறகு, நான் மட்டும் இறங்கிப்போய்க் கிடங்கின் குளிர் அறைக் கதவை இழுத்தேன். திறந்துகொண்டது!

"நல்லவேளை பாத்தே, இல்லேன்னா சரக்கெல்லாம் கெட்டுப்போயிருக்கும். இனிமே உன் வேலை நிரந்தரம்மா. யாரு பழக்கிவிட்டது?" என்றார் சூப்பர்வைசர்.

"எங்கப்பா" என்று சிரித்தேன். வேனில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

"சந்தோஷத்துலயா அழுவுற?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

எனக்கே புரியவில்லை அம்மா. அவர் இல்லாதபோது அவரால் கிடைத்ததற்குச் சந்தோஷப்படலாமா? திட்டிய வாயால் எப்படி நன்றி சொல்வது?

நம் வீட்டுத் தலையணை உறை ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், வீட்டு வாசனையோடு போட்டுக்கொண்டிருப்பதே போதும்.

வேன் ஹாரன் அடிக்கிறது. இப்போது வீட்டை நீதானே பூட்டுகிறாய்? ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. இனி யாரும் திட்டமாட்டோம்.

உன் மகள்