மாமாவின் குழம்பில் கைவைத்தவள்

ஏப்ரல் 16, செவ்வாய்

சனிக்கிழமை மாமனாருக்கு, என் மாமாவுக்கு, மூன்றாவது திதி. என் வீட்டுக்காரர் லோக்கின் அக்கா தோவா சைகோனிலிருந்து போன் செய்தாள். "இந்தத் தடவை பன்றிக் குழம்பு நான் வைக்கிறேன். நீ வைக்கிறது பாயசம் மாதிரி இருக்கு."

பாயசமாம். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் அந்தக் குழம்பை வைக்கிறவள் நான். வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து தின்றுவிட்டுப் போகிறவளுக்கு வாயைப் பார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

லோக்கிடம் சொன்னேன். "அக்கா அப்படித்தான், விடு" என்றார். எதை விடுவது?

மாமா பக்கவாதத்தில் படுத்திருந்த ஆறு வருஷமும் யார் பார்த்தது? டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து மீன் சாஸை அளந்துதான் ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம் விடும்மா" என்று கெஞ்சுவார். பாட்டிலைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிடுவேன். அப்படித்தான் அவரை உயிரோடு வைத்திருந்தேன். அவள் வைத்திருந்தாளா?

ஏப்ரல் 19, வெள்ளி

தோலும் கொழுப்புமாக இரண்டு கிலோ வயிற்றுக் கறி. பெரிய துண்டுகளாக நறுக்கி, பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சம் சர்க்கரை, அளந்த மீன் சாஸில் ஊற வைத்தேன். ஐந்து இளநீர் விட்டு, நுரையை எடுத்து எடுத்து, சின்னத் தீயில் மூன்று மணி நேரம். மூடி போடவில்லை, போட்டால் குழம்பு கலங்கிவிடும். கடைசியில் அவித்து உரித்த வாத்து முட்டை பன்னிரண்டு.

ருசி பார்க்கவில்லை. இறந்துபோனவர்கள் சாப்பிடுமுன் நாம் வாய் வைக்கக் கூடாது.

தோவா சாயங்காலம் வந்துவிட்டாள். சிரித்த முகமாக. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 20, சனி



மாமா படத்துக்கு முன்னால் சோறு, குழம்பு, முளைப்பயறு ஊறுகாய் எல்லாம் வைத்து, ஊதுபத்தி எரிந்து முடியும்வரை காத்திருந்து, தட்டை இறக்கிச் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே உப்பு. என் குழம்பே இல்லை. தோவா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணீங்க அண்ணி?" என்று அவளைக் கேட்டேன்.

"காலையில நீ குளிக்கப் போனப்ப அரைக் கிண்ணம் சாஸ் ஊத்தினேன். நானும் ருசி பார்க்கல. அப்பாவுக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும்."

கொஞ்சமும் வெட்கமில்லை. என் அடுப்பு, என் சட்டி, யாரைக் கேட்டுக் கை வச்சீங்க என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"நீ யாருக்கு வைக்கிறே, அப்பாவுக்குத்தானே? இப்போ அவருக்கு ஏது பிரஷர்? செத்த பிறகும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதானா?"

லோக் நாலாவது கிண்ணம் சோறு போட்டுக்கொண்டிருந்தார். துரோகி.

ஏப்ரல் 21, ஞாயிறு

யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 27, சனி

ஆறவே மாட்டேன் என்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? என்னிடம் சொன்னால் குடியா முழுகிவிடும்?

மாமா கேட்டாரே — ஆறு வருஷமும் கேட்டாரே. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன்? படுத்தவருக்குச் செய்தது சரி. அதில் சந்தேகமே இல்லை. இந்த மூன்று வருஷம்?

இருந்தாலும் அவள் செய்தது திருட்டுத்தனம்தான்.

ஜனவரி 28, செவ்வாய்

சந்திரக் கணக்கில் வருஷக் கடைசி நாள். போனவர்களைப் புது வருஷத்துக்கு வீட்டுக்கு அழைக்கும் நாள். அதே குழம்பு.

தோவா மத்தியானம் வந்தாள். சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"உள்ளே வரலாமா?"

"வாங்க. சட்டிகிட்ட மட்டும் வராதீங்க."

வந்து ஓரமாக உட்கார்ந்து முட்டை உரித்தாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி மேல் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அரைக் கிண்ணம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம்.

படத்துக்கு முன்னால் தட்டு வைத்த பிறகு, பாட்டிலைத் திறந்து மாமாவின் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.