ஜோடிக்காரன் சொன்னால்தான் செல்லும்

மாப்ளே,

மழைக்காலம் வருகிறதே என்று நேற்று தேவராஜ மார்க்கெட் பக்கம் போய் ஒரு ரெயின்கோட் வாங்கி வந்தேன். பிரித்ததும் புது ரப்பர் வாடை. ராணுவப் பயிற்சி முகாமில் நாம் மாட்டிக்கொண்ட முகமூடியின் அதே வாடை. நீ போய்ச் சேர்ந்தபிறகு அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட எனக்கு ஆளில்லை.

அணுகுண்டு விழுந்தால் சிப்பாய் என்ன ஆவான் என்று அங்கே பாடம் நடத்தினார்கள். கதிர்வீச்சு பட்டவன் முதலில் வாந்தி எடுப்பான். முகமூடியைக் கழற்றாமல் இருக்க முடியாது. பிறகு வாந்தி நின்று, சில நாள் தேறிவிட்டதுபோல் நடமாடுவான். காவலுக்குப் போகிறேன் என்று துப்பாக்கியைக் கேட்பான். உள்ளே ரத்தம் கெட்டுக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியாது. அப்படியே அனுப்பினால் நின்ற இடத்தில் சரிவான். அதனால் அவன் பேச்சு செல்லாது, அவனோடு ஜோடியாகப் போட்ட சிப்பாய், அந்த ஜோடிக்காரன் பார்த்துச் சொல்வதுதான் செல்லும் என்றார்கள். நீ என் ஜோடி. ஒத்திகையில் நோயாளியாக நடிக்கச் சொன்னால், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்று அதிகாரியையே சிரிக்க வைத்தவன்.

ஓய்வு பெற்று, மைசூரில் ஒரே குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தபிறகும் நாம் அதை விடவில்லை. ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், நடுக்கம் இருக்கிறதா என்று கையை நீட்டச் சொல்வோம். குடியிருப்புக்காரர்கள் ஜோசியம் என்று நினைத்தார்கள்.

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட், அதுதான் அந்தக் கதிர்வீச்சு, வைத்து முடித்த கொஞ்ச நாளிலேயே யூனிஃபார்மோடு வந்து நின்றாய். சட்டைப் பொத்தான் மாறிப் போயிருந்தது. நீட்டிய கை நடுங்கியது.

"மாப்ளே, இன்னைக்கு வேண்டாம். ஊட்டுக்குப் போ."

சண்டை பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தாய்.

"நீ சொன்னாச் சரிதான்டா."

அதன்பிறகு நீ டூட்டிக்கு வரவில்லை.

இப்போது ஷிஃப்ட் மாற்ற வருகிறவன், சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் கேட்டபடி போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறான். நல்லவன்தான். ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று காலை ரெயின்கோட்டுப் பொத்தானைப் போட விரல் மக்கர் செய்தது. பழக்கதோஷம், கேட்டில் நின்று கையை நீட்டினேன். அப்புறம் நானே மடக்கிக்கொண்டேன். மத்தியானம் மகள் போனில் உடம்பு எப்படி என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். அவள் நம்பிவிட்டாள். அந்தப் பதில் செல்லாது என்பது உனக்கும் எனக்கும்தானே தெரியும்.