மூளிக் காது

அக்கா,

உன் முகத்தை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். இன்று காலை உன் மூத்த மகன் சாமுவேல் வீட்டுக்குப் போனேன். வெயிலில் சூடேறிய பிளெக்ஸ் நாற்றமும் ஆட்டு மூத்திர நாற்றமும் கலந்து வாசலிலேயே குமட்டியது. நிமிர்ந்து பார்த்தால் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். உன் நினைவுக் கூட்டத்துக்கு அடித்த பேனர். மழை ஒழுகாமல் இருக்க விரித்து, காற்றுக்குப் பறக்காதபடி மூலைக்கு மூலை கல் வைத்திருக்கிறான்.

கூரையானதில் எனக்கு வருத்தமில்லை. ஆடு நனையாமல் இருந்தால் நீ சந்தோஷம்தான் பட்டிருப்பாய். அந்தப் படத்தைத்தான் என்னால் இன்னும் பார்க்க முடியவில்லை. காதில் ஜிமிக்கி, கழுத்தில் சங்கிலி, மூக்கில் வெள்ளைக்கல் மூக்குத்தி, உடம்பில் நீ தொட்டுக்கூடப் பார்த்திராத பட்டுச்சேலை. எல்லாம் பீளமேட்டில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரை வைத்துப் பூட்டிய நகை.

கூட்டத்தன்று முதலில் பார்த்தபோது வேறு யாருடைய துக்கத்துக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். சாமுவேலைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன்.

"ஏன்டா, இது யாருடா?"

"அம்மாதானுங் சின்னம்மா. வாக்காளர் அட்டைப் படந்தான் இருந்துச்சுங்க. அதுல காது மூளியாத் தெரிஞ்சுது. ஸ்டுடியோக்காரங்ககிட்டச் சொல்லிக் கொஞ்சம் சரிபண்ணீட்டமுங்க. சம்மந்தி ஊட்டு ஆளுகெல்லாம் வாராங்க, பாத்தா நல்லா இருக்கோணுமில்லீங்க."

மூளி. அந்தச் சொல்லை உன் மகன் வாயிலிருந்தே கேட்டேன். கையிலிருந்த காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அந்தச் சொல் உன்மேல் முதலில் விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவன் அப்போது கைக்குழந்தை. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் அம்மா என்னை உன் வீட்டில் விட்டிருந்தாள். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு ஈரம் காயாத தலையோடு நீ வந்தாய். காதில் ஒன்றுமில்லை. உங்கள் சபையில் நகை கூடாது என்று கழற்றிவிட்டிருந்தாய். உன் மாமியார் வழியை மறித்து நின்றாள். "தாலியறுத்தவளாட்ட மூளியா வந்து நிக்கறா பாரு, என்ற பையன் இன்னும் உசுரோடதான்டி இருக்கறான்!" என்று வீதிக்கே கேட்கும்படி கத்தினாள். அன்றைக்கு முதல் நீ பருத்திக் காட்டுக்குப் போனாலும் தண்ணிக்குப் போனாலும் உனக்கு மூளிக்காதுக்காரி என்றுதான் பெயர்.

நான் சின்னப்பெண். எனக்குத் தோடுதான் கவலை. "தோடு போட்டா உங்க சாமி கோவிச்சுக்குமாக்கா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அதெல்லாமில்ல அம்மணி. காதுல ஒன்னுமில்லீன்னா வேத வசனம் நல்லாக் கேக்குது."

"எனக்கு வசனங் கேக்க வேண்டாம். அந்தத் தோட்டை எனக்குக் குடுத்துரு."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நீ முந்தானை முடிச்சை அவிழ்த்து, தோட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினாய். "போட்டுக்க கண்ணு. இங்கிருந்தா உங்க மாமா கையில சிக்கிச் சாராயமாப் போயிரும்."

நினைவுக் கூட்டத்துக்கு நகரத்திலிருந்து ஒரு போதகரைக் காரில் கூட்டிவந்தார்கள். உன்னை அவர் பார்த்ததே இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தாய், பொறுமையின் உருவம்" என்றார். நீயா? மாமா குடித்துவிட்டு வந்து விழுந்த நாட்களில் நீ முழங்கால் போட்டு ஜெபிப்பது வீதி முனை வரைக்கும் கேட்குமே. "ஆண்டவரே, புள்ளைகளுக்கு வெச்ச சோத்தையும் தின்னுபோட்டு மலையாட்டப் படுத்திருக்கற இந்த மனுசனை நீரே பாத்துக்கொள்ளும்!" மாமா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். அந்த வாயை எடுத்துவிட்டு ஒரு ஊமைப் பதுமையைச் செய்து மேடையில் வைத்தார்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

மூளி என்று சொன்ன அந்த மாமியார் படுத்த படுக்கையானபோது நீதான் எல்லாம் எடுத்தாய். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த அறை நாற்றம் இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. "உன்னைப் பேசுன வாயிக்குக் கஞ்சி ஊட்டறயே, உனக்கு ரோசமே இல்லையாக்கா?" என்று வாசலில் நின்றே கேட்டேன். "ரோசமிருக்குது. அதுக்குன்னு பீயில கெடக்கட்டும்னா உட முடியும்? நீ மூக்கைப் புடிச்சுட்டு நிக்காத, அந்தத் துணியை அலசு" என்றாய். அலசினேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் அலசினேன்.

பேனரோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். கல்லறைக்குக் கருங்கல் அடிக்கக் கொடுத்திருப்பதாகவும் அதே படத்தைத்தான் பதிக்கப்போவதாகவும் கூட்டம் முடிந்த வாரமே சாமுவேல் போனில் சொன்னான். பிளெக்ஸ் நாள்பட்டால் கிழிந்துபோகும். கல் கிழியாது. நாளைக்கு உன் பேரன் பேத்திகள் அந்த ஜிமிக்கிக்காரியைத்தான் நீ என்று நினைப்பார்கள். நேராக அவன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

உன் மருமகள் குறுக்கே வந்தாள். "நாங்க என்னங்க கெட்டது பண்ணீட்டம்? உசுரோட இருக்கையில அவிகளுக்கு நகை நட்டுன்னு ஒன்னும் போட முடியல. இப்பவாச்சும் போட்டுப் பாக்கறம்."

"போட முடியாம இல்ல. போட மாட்டேன்னு இருந்தா!"

நான் இன்னும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். உன் சபைக்காகப் பேச எனக்கு என்ன வந்தது? ஆனாலும் விட முடியவில்லை. என் காதிலிருந்த இரண்டு தோட்டையும் திருகிக் கழற்றி சாமுவேல் கையில் வைத்தேன்.

"இதுதான்டா உங்கம்மா தோடு. அவளே கழட்டி எனக்குக் குடுத்தது. அவ காதுல மாட்டியே தீரோணும்னா இதைக் கொண்டுபோய் மாட்டு, பாக்கலாம்."

அவன் தோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். நீயும் நானும் ஒரே சாடை என்று எல்லோரும் சொல்வார்களே. வெறுங்காதோடு நான் நீயாகவே தெரிந்திருப்பேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போட்டுக்குங் சின்னம்மா. பழைய படத்தையே வெக்கச் சொல்லீர்றனுங்க" என்று தோட்டை என் கையிலேயே திருப்பி வைத்தான்.

சொன்னபடியே வைத்திருக்கிறான். இன்று ஆட்டுக் கொட்டகையைப் பார்த்த வேகத்தில் அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். கல்லில் உன் நிஜமான முகம். ஆனால் மேலே ஒரு பிளாஸ்டிக் மாலை. உன் சபையில் மாலையும் ஆகாது என்று மருமகளுக்கு நன்றாகவே தெரியும். அவள் அதைச் சும்மா போடவில்லை. இரண்டு காதும் மறைகிற மாதிரி, பார்த்துப் பார்த்து இழுத்துக் கட்டியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, காறித் துப்பவும் வந்தது. இடம் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மாலையை அறுத்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். அடுத்த தடவை வேறொன்று தொங்கும், அதையும் அறுப்பேன். முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டு, வெயில் விழுந்த உன் வெறுங்காதுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு வசனம் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. எப்படிக் கேட்கும்? என் காதில் உன் தோடு இருக்கிறதே.