அந்த ஐந்து ரூபாயை வெட்டியது நீ இல்லை

என் பாசமுள்ள தாசு அண்ணாவுக்கு,

இன்றைக்குப் பொன்னேரியில் அந்தத் தணிகாசலத்தின் மூக்கை உடைத்துவிட்டேன். கையால் இல்லை, ஒரு ஐந்து ரூபாய்க் காசால். உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று செருப்பைக் கழற்றிய கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் காசு ஞாபகம் இருக்கிறதா? கும்மிடிப்பூண்டியில் உன் கம்பெனி வாசல் டீக்கடையில் சில்லறையாக வந்தது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. வேறு யாராவது என்றால் செல்லாது என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நீ தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க வாஷர் அடித்தவன்; காசும் முதலில் அப்படித் தகட்டிலிருந்து வெட்டும் வில்லைதான். தகடு சரியாக நகராமல், முன்னால் போட்ட ஓட்டையின் மேலேயே பஞ்ச் மறுபடி இறங்கினால் வில்லை இப்படித்தான் கடிபட்டு வரும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "எஸ்தரு, இத யாரும் வெட்டல. பொறக்கசொல்லவே இப்டி பொறந்துகீது" என்று நீ குதித்த குதி!

பொன்னேரி மண்டபத்தில் மாதம் ஒருநாள் காசு சேகரிப்பவர்கள் கூடுவார்கள். எது நாணயம் அடிக்கும் மிண்டிலேயே நேர்ந்த பிழை, எது தேய்ந்தது, எது அடிபட்டது என்று அங்கே தீர்ப்புச் சொல்பவர் தணிகாசலம். உன் காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு மைக்கிலேயே கேட்டார்: "வெட்டுன எடம் புத்தம் புதுசா மின்னுது. நீ பிரஸ்லதான வேலை செய்ற? கம்பெனி மிஷின்ல அடிச்சு எடுத்தாந்தியா?"

அது ஏன் மின்னியது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காசு அழகாக இருக்கட்டுமே என்று, முந்தின நாள் பித்தளைச் சொம்பு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தவள் நான். காசைக் கழுவுவது அந்தக் கூட்டத்தில் மகா பாவம் என்று நான் என்னத்தைக் கண்டேன்? சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்திப் பிடித்தாய். "உடு. உன்ன பாத்து சிரிப்பானுங்க." நீ பேசாமல் நின்றதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சு கம்பெனி வரை போயிற்று. பதினெட்டு வருஷம் மிஷினில் நின்றவனை லோடிங்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு நீ ஒரு காசைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன் குழியில் மண் போடும்போதே அந்த ஆளை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ செய்யாததை நான் செய்தேன் அண்ணா. தப்புதான், சட்டப்படியும் தப்புதான். நல்ல ஐந்து ரூபாய் ஒன்றை நான் வேலை செய்யும் கம்பெனியின் டூல் ரூமில் பிறை மாதிரி வெட்டினேன். உப்புத் தண்ணீரில் போட்டு, அழுக்கேற்றி, கறுக்க வைத்தேன். இன்றைக்கு அதைக் கொண்டுபோய் நீட்டினேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னாமா, எங்க கெட்ச்சுது? அசல் மிண்ட் பிழை! இதெல்லாம் லேசுல வராது" என்று மைக்கில் முழங்கினார். நான் மைக்கை வாங்கினேன். "இத வெட்னது நான் சார். போன மாசம். என் அண்ணன் தாசு வெட்டாதது இது" என்று உன் காசைப் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு காட்டினேன். துண்டு இல்லாத இடத்துக்கு நேர் எதிரே உன் காசில் விளிம்பு மங்கியிருக்கிறது. அச்சு அழுத்தும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கம் விளிம்பு எழும்பவில்லை. நான் வெட்டியதில் எதிர் விளிம்பு முழுசாக நிற்கிறது. பூதக்கண்ணாடி கைக்குக் கை மாறியது. அழுக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது.

"வெளிய வாமா, பேசிக்கலாம்" என்றார்.

"அன்னிக்கு மைக்லதான பேசின? மைக்லயே சொல்லு."

"தாசு வெட்டல" என்றார். அந்தக் குரல் நடுங்கியதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இன்னும் நடுங்கட்டும் என்று இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அன்னிக்கு ஏன் மின்னுச்சு?" என்று கேட்டார். "நான்தான் புளி போட்டுத் தேச்சேன்" என்றேன். மண்டபமே சிரித்தது. ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் டீ வந்தது. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

அவ்வளவுதான் அண்ணா. அந்த அரை நிமிஷத்திலிருந்து என்னைக் காப்பாற்றவா வாயை மூடிக்கொண்டு செத்துப்போனாய்? உன்மேல் வருகிற கோபம் அந்த ஆள்மேல்கூட எனக்கு வரவில்லை.

அதற்காக அவரை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. மாதாமாதம் போவேன். முதல் வரிசையில் உட்காருவேன். ஒவ்வொரு காசைத் தூக்கும்போதும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறக்க வேண்டும். இது உன்மேல் சத்தியம்.

நீ வாய் திறக்காமல் காப்பாற்றிய தங்கச்சி,
எஸ்தர்