ஒரு பிட்டும் அறுபது பாகையும்

சனி இரவு, இரத்தோட்டை

பிடித்துவிட்டேன்! மிளகு உலர்த்தியின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதிலிருந்து, அதன் புரோகிராமை போனில் இருப்பது போன்ற சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஹீட்டர் குளிரில் அணைந்தே கிடந்தது, சூட்டில் எரிந்தது. சிறிய எண்ணிலிருந்து பெரியதைக் கழித்தால் பழைய சிப் ஒரு பிட்டில் 1 வைக்கும், புதியது 0 வைக்கும். சூடு அறுபது பாகைக்குக் குறைவா என்று அந்தப் பிட்டைப் பார்த்துத்தான் புரோகிராம் ஹீட்டரைப் போடும். நான் அப்படியே நகலெடுத்திருக்கிறேன், மடையன்! இன்று அந்த 1-ஐயும் 0-ஐயும் திருப்பிப் போட்டேன்.

மனைவி கலா மெயின் சுவிட்சில் கை வைத்து நின்றாள்.

"அறுபதைத் தாண்டினா நான் ஆஃப் பண்ணிருவேன். இந்த வருஷத்து மொளகு முழுசும் உள்ள இருக்குங்க."

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதில் ஹீட்டர் தானாக அணைந்தது! ஆறியதும் தானாக எரிந்தது. மூன்றாம் முறையும் சரியாக அணைந்தபோது, கலா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"தேத்தண்ணி ஊத்தட்டுமா?" என்றாள்.