வெறும் பக்கத்தை நம்பினோம்

நானா,

இன்று காலை கந்தோரில் உங்கள் பழைய கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் எதுவும் இல்லை. வானிலைப் பக்கத்தைக் கேட்டால், "ஜாவாஸ்கிரிப்டை இயக்கவும்" என்ற ஒற்றை வரிதான் வந்தது. புதுப் பக்கங்கள் கேட்கும் அந்த வித்தை இதற்குத் தெரியாது. உலகம் இந்தத் திரையைக் கைவிட்டு வருசக்கணக்காகிறது. நாங்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குப் பத்திரம் அனுப்புகிற சின்னக் கந்தோர், அண்ணன் தங்கச்சி மாதிரி இருவருக்கும் ஒரே மேசை. இன்டர்நெட் லைன் எவ்வளவு இழுபட்டாலும் எழுத்து மட்டும் காட்டும் உங்கள் திரையில் பக்கம் உடனே வந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண், தட்டினால் திறக்கும். நான் போனைத் தடவிக்கொண்டு காத்திருந்தால் சிரிப்பீர்கள். "படத்தைப் பார்த்து என்ன செய்யப் போறீங்க தங்கச்சி? விசயம் எழுத்திலதானே இருக்கு." கடைசியில் நானும் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன்.

நெஞ்சு இறுக்குது என்று நீங்கள் சொன்ன நாளில், கொழும்பு ஆஸ்பத்திரியின் பதிவுப் படிவத்தையும் அந்தத் திரையிலேயே நிரப்பினோம். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு அடையாள அட்டை எண்ணை வாசிக்க, நான் தட்டினேன். அனுப்பியதும் வெறும் பக்கம் வந்தது. எங்கள் கப்பல் படிவத்தை அனுப்பினாலும் வெறும் பக்கம்தான் வரும். போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். "ஓம், போயிட்டுது. இனிக் கூப்பிடுவாங்க," என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

மூன்று கிழமை காத்திருந்தோம். கிண்ணியா பஸ்ஸால் இறங்கி வந்ததும் முதலில் போனைத்தான் மேசையில் வைப்பீர்கள். திரும்ப ஒருக்கால் அனுப்பிப் பார்ப்பமா என்று கேட்டேன். "ரெண்டு தரம் அனுப்பினால் குழம்பிரும். அவங்களுக்கும் எத்தனை நோயாளி." நான்காவது கிழமை, விடியப்பறம் சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்த நீங்கள் எழும்பவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று பின்னேரம், அதே படிவத்தை என் போனில் உங்கள் பெயரைப் போட்டே திரும்ப நிரப்பினேன். அனுப்பியதும் இன்னொரு பக்கம் வந்தது. நடுவில் பெரிய பச்சைப் பொத்தான்: உறுதிப்படுத்துக. அதை அழுத்தினால்தான் பதிவு. எங்கள் திரையில் அந்தப் பக்கம்தான் பொத்தான் இல்லாமல் வெறுமையாக வந்திருக்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் என் போன் கிடக்க, அந்தக் கறுப்புத் திரையில் தட்டினேனே. என்னை மன்னிக்க எனக்கு ஏலாது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று வீட்டுக்குப் போனபோது உங்கள் மனைவி குசினி வாசலில் என் கையைப் பிடித்தார்.

"அவங்க ஏன் தங்கச்சி கடைசி வரைக்கும் கூப்பிடல்ல?"

"தெரியாது ராத்தா," என்றேன்.

என்னைக் காணும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரியைத் திட்டுகிறார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், நானா.